கட்டிலடியில் ஒரு நூலகம்

“புத்தகத்துக்குக் காவல் இருக்கவா இத்தனை படிப்பு?” நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா கேட்டது. நேற்று கேம்ப் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையைத் தாண்டும்போது சூடான தாள் வாசனை அடித்தது. கூடவே இந்தக் கேள்வியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பம்ப் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் நூலகராக இருந்தேன். அந்தத் தாள் வாசனைதான் அப்போது என் அலுவலகம். ஊரிலுள்ள ஒரு மருந்துக் கம்பெனியின் நூலகர் போன் செய்வார். எங்கள் இதழில் அவருக்கு வேண்டிய கட்டுரையை நகல் எடுத்து அனுப்புவேன். இன்னொரு நாள் எனக்காக அவர். மாதம் ஒரு சனிக்கிழமை, ஊரிலுள்ள கம்பெனி நூலகர்கள் யாராவது ஒருவர் இடத்தில் கூடுவோம். வடாபாவ் எண்ணெய் புத்தகத்தில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி, எந்தப் புத்தகத்துக்கு எந்த வகைப்பாட்டு எண் என்று சண்டை போடுவோம். வேறு யாருக்கும் புரியாத சண்டை. எனக்கு அதில் தனிப் பெருமை.

அப்படி ஒரு நாளில்தான், நூலகங்களிலும் எங்கள் வீடுகளிலும் மிஞ்சும் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று பேச்சு வந்தது. தாபோடியில் எங்கள் தெரு இருக்கிறது என்று முந்திக்கொண்டேன். தெருவில் வருஷா வருஷம் பிள்ளையார் விழா நடத்தும் கணபதி மண்டல் பையன்கள் தங்கள் கூடத்தைக் கொடுத்தார்கள். இரும்புப் பெட்டி நிறையப் படக்கதைகளும் அறிவியல் புத்தகங்களும் வந்து இறங்கின.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எண் போட உட்கார்ந்தோம். ஞாயிறுதோறும் புத்தக முதுகில் எண் ஒட்டினோம், அட்டை எழுதினோம். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா, இன்னிக்காச்சும் குடுப்பீங்களா?” என்பாள் எதிர்வீட்டுச் செல்வி.

“நம்பர் கே பினா ஏக் பீ நஹீ” என்பார் எங்களில் மூத்தவரான குல்கர்ணி மேடம்.

“நம்பர் போடாம ஒண்ணுகூடத் தர மாட்டோம்டி” என்று நானும் தமிழில் ஒத்து ஊதுவேன்.

எண் போட்டு முடித்த வாரம் கணபதி வந்துவிட்டார். சிலை வைக்கக் கூடம் வேண்டும் என்றார்கள். கணபதியிடம் யார் வாதாடுவது? பெட்டி எங்கள் கட்டிலடிக்கு வந்தது. சிலையை ஆற்றில் கரைத்த பிறகு கூடத்தில் கேரம் போர்டு ஏறியது. கேட்கப் போனபோதெல்லாம் “பார்க்கலாம்” என்றார்கள்.

அதற்குள் எங்கள் நூலகங்களே போயின. இதழ்கள் கணினிக்குள் போக, அலமாரிகளில் இருந்ததைப் பழைய பேப்பர்காரர் எடைபோட்டு எடுத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்றதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் கூட்டத்துக்குப் பழைய ஞாபகத்தில் பொட்டலம் நிறைய வடாபாவ் வாங்கிப் போனேன்; நானும் குல்கர்ணி மேடமும் மட்டும். இப்போது எனக்கு அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. மருந்துக் கம்பெனி நூலக எண்ணுக்குப் போன் செய்தால், எடுக்க ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

நேற்று வீடு திரும்பியதும் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்து வாசலில் வைத்துப் பூட்டைத் திறந்தேன். செல்விக்குப் படக்கதை வயது தாண்டிவிட்டது. அவள் தங்கைதான் வந்து குந்தினாள்.

“அக்கா, பேர் எழுதிக்க வேணாமா?”

“வேணாம், எடுத்துட்டுப் போ.”

“திரும்பி வருமா?” என்றார் அப்பா.

“தெரியலப்பா.”

பெட்டியைத் திறந்தபடியே விட்டு, பூட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.