கத்திரி வெயிலில் ஒரு சொம்புத் தண்ணீர்

போன வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரம். என் கணவருக்கு சிவகங்கையில் டயாலிசிஸ் முடித்து, காரைக்குடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வாரத்துக்கு மூன்று தடவை இந்தப் பயணம். நான்தான் ஓட்டுவேன். இதற்காகவே இயற்பியல் டீச்சர் வேலையை விட்டுவிட்டேன்.

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழி கிடையாது. அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு தர மாட்டேன். "ஜெயில்ல கூடத் தண்ணி குடுப்பாக டீச்சரம்மா" என்று கேலி செய்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் கண் பாட்டில் மேலேயே இருக்கும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பாட்டிலைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

இப்போது புரியும், கார் ஏசி எங்களுக்குச் சொகுசு இல்லையென்று. வெயில் பட்டால் நாக்கு வறளும், வறண்டால் தண்ணீர் கேட்பார்.

நாட்டரசன்கோட்டை விலக்கைத் தாண்டியதும் ஏசியில் குளிர்ச்சி நின்றது. காற்று மட்டும் முழு வேகத்தில் வருகிறது, ஆனால் அடுப்படிக் காற்று. கண்ணாடியை இறக்கினால் வெளியே அதைவிட அனல். டயாலிசிஸ் முடிந்து ஏற்கெனவே துவண்டு கிடந்தவர், இரண்டு கிலோமீட்டருக்குள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். ரோட்டோரம் ஒரு வேப்ப மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். நாற்பது வயது இருக்கும் அவளுக்கு.

நான் கேட்கும் முன்பே எழுந்து வந்தாள். "ஐயாவ இங்குட்டு நெழலுக்குக் கூட்டியாங்கம்மா, காரு கொதிக்குதே" என்று ஒரு பக்கம் அவளே தாங்கிப் பிடித்தாள். தான் உட்கார்ந்திருந்த சாக்கை உதறிப் போட்டு அவரை மரத்தில் சாய்த்து உட்காரவைத்தாள்.

"பத்து நிமிஷம், சரி பண்ணிருவேன்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன். எனக்கு அந்தத் திமிர் உண்டு. குளிர்சாதனப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்! மெக்கானிக்குக்கு போன் போட்டிருக்கலாம். வேறு ஒரு வண்டியைப் பிடித்து அவரை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். இரண்டுமே எனக்குத் தோன்றவில்லை.

ஏசி பட்டனைப் போட்டால் கம்ப்ரஸரில் 'டிக்'கென்று ஒரு சத்தம் வர வேண்டும், வரவில்லை. கேஸ் போயிருக்குமோ என்று குழாய் முழுக்க எண்ணெய்க் கசிவு தேடினேன், இல்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தால் ஏசி பியூஸ் எரிந்திருந்தது. அப்பாடா என்று புதியதைச் செருகினேன். அடுத்த நொடியே அதுவும் போனது. எங்கள் பழைய வண்டியில் கம்ப்ரஸருக்கும் முன்பக்க ஃபேனுக்கும் ஒரே பியூஸ். அப்படியென்றால் ஃபேன் எங்கேயோ சிக்கியிருக்கிறது. கிரில்லுக்குள் செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன்.

வாழை நார். ஃபேனின் நடுத்தண்டில் இறுக்கிச் சுற்றிக் கிடந்தது.

முந்தின வாரம் குன்றக்குடியில் அவர் பேரில் அர்ச்சனை செய்து, அந்த மாலையை நான்தான் காரின் முகப்பில் கட்டினேன். பூ வாடியதும் பிய்த்து எறிந்தேன், நாரை விட்டுவிட்டேன். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டிய மாலையின் நார்!

அறுக்கக் கத்தி வேண்டும். நுங்குக்காரப் பெண்ணிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. என் கணவர் தலையை அண்ணாந்து, அவளுடைய சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். அவள் பானையிலிருந்து அடுத்த சொம்பை மொண்டுகொண்டிருந்தாள்.

ஓடிப்போய்ச் சொம்பைத் தட்டிவிட்டேன். "எவ்வளவு குடிச்சீக? எத்தனை சொம்பு?" என்று கத்தினேன். அவர் வாயைத் துடைத்தார்.

"மூணு சொம்பும்மா" என்றாள் அவள்.

"யாரக் கேட்டுக் குடுத்த? கிட்னி போனவருக்குத் தண்ணி குடுத்து ஆளக் கொல்லப் பாத்தியா? இவருக்கு ஒண்ணுன்னா நீதான் காரணம்!"

அவளுக்கு முகம் செத்துப்போனது. "தண்ணி தண்ணின்னு கேட்டாகம்மா. வாயெல்லாம் வெடிச்சிருந்துச்சு. எப்பிடி இல்லேங்கிறது?"

"அவுகள ஏன் வையிற? நான்தானே கேட்டேன்" என்றார் அவர்.

கத்தி வேண்டும் என்று நான் கை நீட்டியபோது, நுங்கு சீவும் கத்தியை முந்தானையில் துடைத்துத் தந்தாள். நாரை அறுத்தெடுத்து, கைவசம் மிச்சம் இருந்த கடைசி பியூஸைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, சில்லென்று காற்று வந்தது. கத்தியைச் சாக்கின் மேல் போட்டுவிட்டுக் கிளம்பினேன். நன்றி என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

காருக்குள் அவர் குளிர்ந்த காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு, "வயிறு நெறஞ்சிருச்சுடி" என்றார். அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில். நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

அடுத்த டயாலிசிஸில் எடை கூடியிருக்கிறது என்று நர்ஸ் திட்டினார், கூடிய தண்ணீரை எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று சொம்பால் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசியில் அவர் இதயம் நின்று போய்ச் சேர்ந்துவிட்டார். கோடு போட்ட பாட்டில் பாதி நிறைந்தபடி சமையலறையில் இருந்தது. இரண்டு வருடம் அளந்து அளந்து கொடுத்தேனே, அந்த மனிதர் தாகம் தீரக் குடித்தது ஒரே ஒரு நாள். அது என் கையால் நடக்கவில்லை. இதை நினைத்து அழாத நாள் கிடையாது.

அவர் இருந்தவரை அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தாமலே போயிருந்தேன். இந்த வருடம் கத்திரியில் தனியாக அங்கே போனேன், மன்னிப்புக் கேட்க. அதே மரத்தடியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஐயா நல்லா இருக்காகளா?" என்றாள். "நீங்க வஞ்சிட்டுப் போனதுலேர்ந்து எனக்கு ஒறக்கமே இல்லம்மா. என்ன ஆனாகளோ ஏதானாகளோன்னு பதறிக்கிட்டே கெடந்தேன். இப்பல்லாம் யாராச்சும் தண்ணி கேட்டா குடுக்கவே பயமா இருக்கு."

உண்மையைச் சொன்னால் அந்த மூன்று சொம்புதான் காரணம் என்று அவள் நினைப்பாள். "நல்லா இருக்காக. அன்னைக்குக் குடிச்சத இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காக" என்றேன். அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

எனக்கும் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். "ஒங்களுக்கு ஒண்ணும் சீக்கு இல்லையேம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். தாகம் என்று வந்து நிற்பவர்களிடம் இனி அவள் இப்படித் தயங்கித் தயங்கித்தான் கேட்பாள், அந்தத் தயக்கத்தை அவள் மனதில் போட்டவள் நான் என்பது இன்றைக்கும் என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது.