சன்னலில் ஆடிய சிப்பிச் சரம்

திருநள்ளாற்றில் எங்கள் வீட்டு மாடியின் இரண்டு அறைகளைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கட்டில், மின்விசிறி, வாளி இருந்தால் போதும் என்பது என் கணவரின் கட்சி. எனக்குப் போதாது. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு பயத்தோடு வருகிறார்கள். அவர்களை வெறும் சுவரைப் பார்க்க விட்டால் இன்னும்தான் பயப்படுவார்கள். அதனால் தலையணை உறை ஓரத்தில் சின்னதாக ஒரு பூ வேலை செய்வேன். தண்ணீர்ச் செம்புக்கு அடியில் பின்னல் விரிப்பு போடுவேன். சன்னலில் ஒரு சிப்பிச் சரம். சிப்பிகள் மண்டபத்தூர்க் கரையில் நானே பொறுக்கியவை. "இது ரூமா, கல்யாண மேடையா?" என்பார் கணவர்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வாடகைக் காரில் வந்தார்கள். அவருக்கு இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் சனி பகவானைப் பார்த்துவிட வேண்டும் என்று மனைவிதான் இழுத்து வந்திருந்தாள். நோட்டில் பெயரும் போன் நம்பரும் அவள்தான் எழுதினாள். அவர் கட்டிலில் சாய்ந்து, சரம் காற்றில் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே தூங்கிப்போனார்.

"பத்து நாளா கண்ணை மூடலைக்கா" என்று படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள்.

மறுநாள் நளன் குளத்தில் முழுகி, தரிசனம் முடித்து அவர்கள் கிளம்பும்போது, எனக்கு என்ன தோன்றியதோ, சரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். "வீட்டுச் சன்னல்ல மாட்டிக்குங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அவள் முகத்தை நான் கவனிக்கவில்லை.

கார் தெருமுனை திரும்பியதும் கணவர் கேட்டார். "ஏன்டி, சனியைத் தொலைக்க வந்தவங்ககிட்ட இங்கேருந்து ஒரு பொருளைக் குடுத்து அனுப்பலாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழுகிய துணியைக்கூடக் குளத்தோடு விட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். இங்கிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சனி பகவான் தெருவில் தினமும் எதிர்ப்படும் பெரியவர் மாதிரி. பயம் விட்டுப்போய்விட்டது. அதனால்தான் மறந்தேன்.

அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் அந்தச் சிப்பிகளைத்தான் நினைப்பாள், என்னைத்தான் சபிப்பாள். போன் செய்து தூக்கிப் போடச் சொல்லலாம். ஆனால் அவளுக்கு இல்லாத பயத்தையும் நானே ஏற்றிவிட்டதாகிவிடும். போனை எடுப்பேன், வைப்பேன். சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். இதையெல்லாம் நம்பாத நான், அடுத்த சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். கணவருக்குச் சொல்லவில்லை.

ஆபரேஷன் நாள் கழிந்து மூன்றாம் நாள்தான் போன் செய்யத் துணிந்தேன்.

"நல்லா இருக்காருக்கா. இன்னிக்கு இட்லி சாப்பிட்டாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்பதற்குள் அவளே குரலைத் தாழ்த்தினாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. நீங்க குடுத்ததை, உங்க எல்லையில பூவம் தாண்டினதும் ஆத்துல போட்டுட்டேன். அப்ப அவரு அசந்து தூங்கிட்டிருந்தாரு."

"நல்லதும்மா" என்றேன். உண்மையாகவே நல்லதுதான். இருந்தும், இத்தனை நாள் ஆற்றுக்கு அடியில் கிடந்த ஒன்றுக்காகவா செத்துப் பிழைத்தேன் என்று அவள்மேலும் என்மேலும் கோபம் வந்தது.

"இப்ப ஒரு சிக்கல்க்கா. கண்ணு முழிச்சதுலேருந்து அதையேதான் கேக்குறாரு. வீட்டுல மாட்டியாச்சுன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். அதே மாதிரி இன்னொண்ணு கட்டி அனுப்புவீங்களா?"

"நாளைக்கே அனுப்புறேன்."

அவள் இன்னொன்றும் கேட்டாள். "போஸ்ட் மட்டும் வேற ஊர்லேருந்து போடுங்கக்கா. உங்க ஊரு பேரு அது மேல வேணாம்."

சுருக்கென்றது. சரி என்றேன். மறுநாள் பஸ் ஏறித் தரங்கம்பாடி தபால் ஆபீசுக்குப் போனேன். பார்சலின் மேல் அனுப்புநர் இடத்தில் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"எந்த ஊருன்னு எழுதலையேம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

பிறந்த ஊரின் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, பேனாவை வாங்கித் தரங்கம்பாடி என்று எழுதினேன்.