கட்டடம் கேட்டோம், பந்தல் வாங்கினோம்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். ஒரே ஒரு பொய் சொன்னாலும் ஒரு மானியம் வாங்க முடியாது, எங்கள் தொழில் அப்படிப்பட்டது. ரப்பர் ஸ்டாம்பையும் மினிட்ஸ் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, சங்கத்துக்கு நிதி கேட்டுப் படியேறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஜனம். கும்பகோணத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காரணத்தால் நான் மாதர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். தலைவி காத்தாயி அக்கா. நடவுக் கோஷ்டிக்கும் அவர்தான் தலைவி.

கும்பகோணத்தில் அப்போது ஒரு வட்டார அறநிதி இருந்தது. அரிசி ஆலைக்காரர்கள், பஸ் முதலாளிகள், பாத்திரக்கடைக்காரர்கள், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் என்று நம் பக்கத்து ஆட்களே பணம் போட்டு, நம் பக்கத்துச் சின்னச் சங்கங்களுக்கே கொடுக்கிற ஏற்பாடு. எங்களுக்கு வேண்டியிருந்தது கைக்குழந்தைகளை விட ஓர் இடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவு வந்துவிட்டது. பால்குடி மறக்காத பிள்ளைகளுக்கு வரப்புதான் கதி. அந்த வருஷக் குறுவை நடவின்போது வசந்தாவின் பையன் வாய்க்காலில் விழுந்துவிட்டான். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் பார்த்ததால் பிழைத்தான். அதிலிருந்து வசந்தா அவன் இடுப்பில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைப் பூவரச மரத்தில் முடிந்துவிட்டுத்தான் வயலில் இறங்குவாள். இறங்கியும் மனசு வயலில் இருக்காது. நடுவதும் நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பதுமாக இருப்பாள். வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிற வேலை அது. ஒருத்தி நிமிர்ந்தால் வரிசை கோணிவிடும். வரப்பில் நிற்கும் காரியஸ்தர் அவளைத்தான் திட்டுவார். அவளைப் பார்த்துத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

நாலு பக்கக் கடிதம்

முதல் கடிதத்தை நாலு பக்கத்துக்கு எழுதினேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் மேடைப் பேச்சுக் கேட்காமல் யாரும் வளர்ந்துவிட முடியாது. காவிரி பாயும் மண்ணில் கண்ணீரும் பாய்கிறது, கதிர் வளர்த்த கைகள் கதறுகின்றன என்று அடுக்கினேன். காத்தாயி அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, யார் செத்துப்போனது என்று விசாரித்தார். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அறநிதியில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் விமலா மேடம். மூக்குக் கண்ணாடி, பருத்திப் புடவை, அதிர்ந்து பேசாத குரல். கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரு பக்கம் போதும் என்றார். நீங்கள் யார், யாருக்காகக் கேட்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள், எங்கள் பணம் தீர்ந்த பிறகு யார் நடத்துவார்கள், இவ்வளவுதான் வேண்டும். இதைச் சொல்லி நாலு பக்கத்தையும் என் கையில் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு அழுகை முட்டியது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நல்லா எழுதியிருக்கேம்மா. உங்க தெருவுல எத்தனை குழந்தைங்கன்னுதான் எனக்குத் தெரியல.”

கொடிமரம் இல்லாத இடம்

சங்கம் எந்தக் கட்சியையும் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பது அறநிதியின் விதி. நாங்கள் சேரவில்லை. ஆனால் உறுப்பினர்கள் ஒன்றாக நிற்கிற படம் ஒன்று கேட்டார்கள். கும்பகோணத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தோம். தெருமுனையில் நிற்க வைத்தால் பின்னால் ஆளுங்கட்சிக் கொடிமரம். மாரியம்மன் கோயில் பக்கம் போனால் எதிர்க்கட்சிக் கொடிமரம். அடிபம்பு ஓரம் ஒதுங்கினால் விவசாயச் சங்கத்துச் செங்கொடி. கொடியை மட்டும் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாமா என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். என்னைப் பார்த்த பார்வையில், தெருவில் ஒரு கொலை விழாமல் போனது பெரிய காரியம்.

கடைசியில் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரித்தபடி நிற்கிற படம்தான் விண்ணப்பத்தோடு போனது. அந்த யோசனை போட்டோக்காரருடையது. வெயிலில் கறுத்துப்போய், கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து அவர் சொன்னார்: “இந்தத் தெருவுல கொடிமரம் இல்லாத இடம் வாய்க்கால் ஒண்ணுதாங்க. இறங்கி நில்லுங்க.”

களத்துமேடு யாருடையது

நாங்கள் கேட்டது கட்டடம். வேறு எதைக் கேட்போம்? ஓடு போட்ட கட்டடம், சுவரில் சங்கத்தின் பெயர், வாசலில் ஒரு கல்வெட்டு. எங்கள் தெருவுக்கென்று பொதுவாக ஒரு சுவர்கூட அதுவரை எழும்பியதில்லை. தூளி கட்ட எந்த உத்தரத்தில் வளையம் அடிப்பது என்றுகூடக் காத்தாயி அக்கா முடிவு செய்துவிட்டார்.

இடம் என்று பார்த்தால் தெருவை ஒட்டிய களத்துமேடு. தாலுகா ஆபீசில் அது புறம்போக்கு. மிராசுதாருக்கு அது அவர் பட்டா. விவசாயச் சங்கத்துக்கு அது உழைக்கிறவன் சொத்து. கோர்ட்டில் வழக்கு. கூலிச் சண்டையும் நில உச்சவரம்பும் பினாமியும் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு கூடை மண்ணை அள்ளினாலும் யார் மண் என்று கேட்க இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. அறநிதியோ, இடத்துக்கு உரிமையுள்ளவரின் சம்மதம் வேண்டும் என்றது. நீங்கள் நிதி கேட்கப் போனால் இதை முதலில் விசாரித்துவிடுங்கள்; நாங்கள் கடைசியில் விசாரித்தோம்.

மிராசுதாரின் காரியஸ்தரைப் போய்ப் பார்த்தோம். மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றுதான் பேச்சு. அறநிதிக்குப் பணம் கொடுத்தவர்களில் மிராசுதாரும் ஒருவர், அவர்கள் ஆபீஸ் சுவரில் அவர் பெயர் இருக்கிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். காரியஸ்தர் கெட்டவர் இல்லை. வசந்தாவின் பையன் பிழைத்த அன்று மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றியவர். ஆனாலும் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் சொன்ன காரணம் பொய் என்று என்னால் சொல்ல முடியாதது என் கோபத்தை இன்னும் கிளறியது: “பிள்ளைங்களுக்குன்னா நானே கைக்காசு தர்றேன். ஆனா கூரைன்னு ஒண்ணு போட்டுட்டா, சாயங்காலம் அதுக்குள்ளதானே கூலிக் கூட்டம் போடுவீங்க?”

மேடம் வந்த நாள்

இடம் பார்க்க விமலா மேடம் வந்தது நல்ல நடவு நேரத்தில். நானும் காத்தாயி அக்காவும் மாலையும் கோலி சோடாவுமாகக் காத்திருந்தோம். தெருவில் நாய் மட்டும்தான் படுத்திருந்தது. குழந்தைகள் எங்கே என்று கேட்டார். வயலுக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். பார்க்கலாமே என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார். மாலை போட நேரமே வாய்க்கவில்லை.

பூவரச மரத்தடியில் வசந்தாவின் பையன், கட்டிய துணி எட்டுகிற மட்டும் தவழ்ந்து போய், அதற்கு மேல் போக முடியாமல் மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தான். மேடம் அவன் வாயைத் துடைத்துவிட்டார். நாளைக்கு எங்கே நடவு என்று கேட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நடந்து போகவே நேரமாகும் என்றார் அக்கா. நாளை மறுநாள்? அது வேறு ஊர். பால் எப்போது கொடுப்பார்கள்? அழுதால் கரையேறிக் கொடுப்போம். பதில் சொல்லச் சொல்லவே அக்காவின் குரல் இறங்கிக்கொண்டு வந்தது. எனக்கும் விளங்கிவிட்டது. தினம் ஒரு வயலுக்குப் போகிற நாங்கள், இருந்த இடத்தை விட்டு நகராத ஒன்றைக் கேட்டிருக்கிறோம். தெரியாதது இல்லை. சுவர்மேல் இருந்த ஆசையில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் அதை மறந்துவிட்டோம். மேடம் குத்திக்காட்டவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: “கட்டடம் தெருவுல, அம்மா வயல்ல. பிள்ளை எங்கம்மா இருக்கும்?”

உங்கள் பங்கு என்ன

விண்ணப்பத்தைத் திரும்ப எழுதினேன். மூங்கில் கால்கள், தார்ப்பாய், தூளிக்குத் துணி, குடிதண்ணீருக்குப் பீப்பாய், எல்லாவற்றையும் ஏற்ற ஒரு கைவண்டி, குனிந்து நாற்று நட முடியாமல் போன இரண்டு பெண்களுக்குப் பிள்ளை பார்க்கச் சம்பளம். கோஷ்டி போகிற இடத்துக்குப் பந்தலும் போகும். நல்ல திட்டம்தான். ஆனால் காத்தாயி அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கிடைக்க இருந்த சுவரை நான் தார்ப்பாய்க்கு விற்றுவிட்டதாகத் தெருவில் பேச்சு. படித்த திமிர் என்றும் சொன்னார்கள். ராத்திரியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறநிதியின் குழு நேரில் கூப்பிட்டது. அக்கா வந்தார், ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. குழுவில் இருந்த ஓர் ஆலை முதலாளி, கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், சங்கத்தின் பங்கு என்ன என்று கேட்டார். இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும், பதிலோடு போங்கள். நான் பதிலோடுதான் போயிருந்தேன்; அதை எழுதிய தாளைப் பையில் தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்: “தினம் பிரிக்கிறது, தூக்குறது, கட்டுறது எங்க பங்குங்க. கட்டடம்னா கொத்தனாரைக் கேக்கணும். பந்தல் போட நாங்க யாரையும் கேக்க வேணாம்.”

திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தாராசுரம் தாண்டும் முன்பே தூங்கிப்போனார் என்று எழுத ஆசைதான். எங்கள் பஸ் அந்த வழியாகப் போகாது. பக்கத்தில் உட்கார்ந்தார், அதுவே போதும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு சுமதி என்றார்: “சோறு திங்காதவ எழுதினா யாரு காசு குடுப்பா?”

வரப்பில் ஒரு பலகை

நிதி வந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: திட்டம் நடக்கும் இடத்தில் அறநிதியின் பெயர்ப்பலகை இருக்க வேண்டும். எங்கள் திட்டமோ நடந்துகொண்டே இருக்கும் திட்டம். கம்பில் பலகையை அடித்து, பந்தலோடு சேர்த்துத் தூக்கிப் போனோம். குறுவைக்கு அடுத்த தாளடி நடவின் முதல் நாள், மிராசுதார் வயல் வரப்பில் ஊன்றினோம்.

அந்த வருஷங்களில் ஒரு வயலில் திடீரென்று கொடியோ பலகையோ முளைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். காரியஸ்தர் வேட்டியெல்லாம் சேறாக, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னால் கம்போடு ஆட்கள். எங்கள் பெண்கள் நாற்று முடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஒரு தப்பான வார்த்தை விழுந்தால் போலீஸ் வண்டி வரைக்கும் போகும். அவர் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பந்தலுக்குள் பார்த்தார். தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. காத்தாயி அக்கா சேற்றிலிருந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பலகை நாளைக்கு அடுத்த வயலுக்குப் போயிடும்யா. நாத்து மட்டுந்தான் இங்கேயே இருக்கும். அது உங்களுது.”

கடைசிக் கேள்வி

காரியஸ்தர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். முதல் சில நாட்கள் வசந்தா பந்தலுக்குள்ளும் பையனைக் கட்டித்தான் போட்டாள். மரத்துக்குப் பதில் மூங்கில் கால், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நாள் பார்த்தேன், அந்தப் புடவைக் கிழிசலில் வேறொரு குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. வசந்தாவின் பையன் பலகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.

நடவு முடிந்ததும் அறநிதிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசிக் கேள்வி, இந்த உதவியால் என்ன மாற்றம் ஏற்பட்டது என்பது. கதிரும் கண்ணீரும் மறுபடி என் பேனா முனைக்கு வந்து நின்றன. பேனாவை மூடிவிட்டு வசந்தாவிடம் போனேன். அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டேன். என்ன மாற்றம், கூலி அதேதான் என்றாள். சாம்பல் கையோடு ஒரு சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது; அதை ஓர் எழுத்து மாற்றாமல் அறிக்கையில் எழுதினேன்: “இந்த நடவுல நான் நிமிந்தே பாக்கல சுமதி.”

களத்துமேட்டு வழக்கு நான் அறிந்தவரை இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது; அந்தப் பந்தல் நின்ற இடம் யாருடையது என்று மட்டும் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.