மாத்தட்டும்

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் இஷொய் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில்தான் அந்த ரீச்சரைக் கண்டேன். இங்கே இருக்கும் தன் தங்கையைப் பார்க்க வன்னியிலிருந்து வந்திருந்தார். மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. யார் எதைச் சொன்னாலும் கடைசிவரை கேட்டு, "முடிச்சிட்டியளோ?" என்று விசாரித்த பிறகுதான் வாய் திறப்பார்.

பள்ளியில் சமாதானப் பாடம் எடுப்பதாக அவர் சொன்னதும், தொழிற்சாலை உடுப்போடு வந்திருந்த ஒருவர் சீறினார்.

"சண்டையிலை காணாமல் போன ஆக்களைப் பற்றி ஒரு பதிலும் இல்லை. அதுக்குள்ளை சமாதானமோ? பிள்ளையளை மறக்கப் பண்ணுறியள், ரீச்சர்!"

"முடிச்சிட்டியளோ, அண்ணை? 'என்ரை மாமா எங்கை?' எண்டு வகுப்பிலை ஒரு பிள்ளை கேட்டது. கேள், உரத்துக் கேள், ஆனால் கல்லெடுக்காமல் கேள் எண்டன். அதுதான் என்ரை பாடம். வாயை மூடிக்கொண்டு இருக்கிறது சமாதானம் இல்லை."

சீறியவரின் குரல் தணிந்தது. "அப்பிடிப் படிப்பிக்க விடுவாங்களோ?"

"இடமாற்றம் வரும் எண்டு எங்கடை பள்ளிக்கூட அதிபர் வெருட்டுறார். மாத்தட்டும்! அங்கையும் பிள்ளையள் இருப்பினம்தானே?"

சொல்லிவிட்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவரும் பிழைத்திருப்பார். ஊர் திரும்பியதும் அவரை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்; எந்தப் பள்ளிக்கோ, தெரியாது. அங்குள்ள அதிபரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.