வீடு தவறாமல்

என் வீட்டுக்காரரைக் கேட்டு நான் நேர்ந்துகொள்ளவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் பக்கத்துப் பெண்களின் நேர்ச்சைகளில் பாதி இப்படிப்பட்டவைதான். மகனுக்கு மொட்டை, தம்பிக்கு அலகு, புருஷனுக்கு அங்கப்பிரதட்சணம். வாக்குக் கொடுப்பது நாங்கள், உடம்பைக் கொடுப்பது அவர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. அவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் சரக்குக் கணக்கு எழுதும் கிளார்க். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடாமல் வாசலுக்குப் பால் வாங்கக்கூட வர மாட்டார். அடுத்த வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு ஒரே மகள், மூன்று வயசு. அந்தக் கோடையில் அவளுக்கு அம்மை போட்டது.

சுகாதார ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்து, பயப்பட வேண்டாம், சின்னம்மைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதை வைத்து யார் பயப்படாமல் இருக்க முடியும்? வாசலில் வேப்பிலை செருகினேன். அடுப்படியில் தாளிப்பை நிறுத்தினேன். வீட்டுக்கு யாரையும் வரவிடவில்லை. அம்மை கண்ட பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த நாட்களில் அது பிள்ளை இல்லை, அம்மன். உடம்பில் எழும்புவதைக் கொப்புளம் என்று சொல்ல மாட்டோம், முத்து என்போம். "தாயே, கொஞ்சம் பால் குடிம்மா. எறங்கிரும்மா, தாயே" என்று மூன்று வயசுப் பிள்ளையிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது என்னைக் கண்டு பயந்து அழுதது.

ஒரு காலையில் பார்த்தால் இடது கண்ணுக்குள் ஒரு முத்து. கண் முழுக்க இரத்தமாகச் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டது. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்ததும் தெற்கே பார்த்து நின்றேன். திருச்செந்தூருக்கும் தெற்கே, கடலோரத்தில், குலசேகரன்பட்டினத்தில், நாங்கள் குலசை என்கிற ஊரில், முத்தாரம்மன் இருக்கிறாள். அந்தப் பேருக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். முத்துக் குளிக்கிற கடலின் ஓரத்து அம்மன் என்பது ஒன்று. உடம்பில் முத்தைப் போட்டு, அதை ஆற்றவும் செய்கிறவள் என்பது இன்னொன்று. அன்று எனக்கு வேண்டியவள் இரண்டாமவள். "தாயே, என் பிள்ளைக்குக் கண்ணக் குடு. எங்க வீட்டுக்காரவிய தசராவுக்குக் காப்புக் கட்டி, உடங்குடியில இருந்து ஒன் வாசல் வரைக்கும் வீடு தவறாமப் பிச்சை எடுத்து ஒன் உண்டியல்ல போடுவாவ" என்று சத்தமாகவே சொன்னேன்.

ஏன் உடன்குடி என்று சொன்னேன்? அது அவருடைய ஊர். குலசைக்குப் போகிற வழியும்கூட. வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. உடன்குடியில் வீடு தவறாமல் என்றால் அவருடைய அண்ணன் வீடும் அதில் சேர்த்திதான்.

அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அண்ணன், எனக்குப் பெரியவர், உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்தார். அப்பா போன பிறகு தம்பி கூடவே இருந்து கடையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தம்பிக்குத் துறைமுக உத்தியோகத்தின் மேல் ஆசை. பேச்சு முற்றி, தெருவே கூடி நிற்க, அண்ணன் சொன்னாராம்: "போலே, போ. பிச்சை எடுத்துக்கிட்டு இந்த வாசலுக்குத்தான் வந்து நிப்ப." தம்பி திருப்பிக் கொடுத்தாராம்: "பிச்சை எடுத்தாலும் எடுப்பனே ஒழிய, ஒம்ம வாசல மிதிக்க மாட்டேன்." அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பெரியவர் வரவில்லை. பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை.

அம்மை இறங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். கண்ணில் சிவப்பும் மெல்ல வடிந்தது. அப்புறம்தான் நேர்ச்சையை அவரிடம் சொன்னேன்.

"யாரைக் கேட்டு நேந்த?" என்றார்.

"அம்மனக் கேட்டு."

"மொட்டை போடுதேன், தீச்சட்டி எடுக்கேன். இதை மாத்திச் சொல்லு."

"வாக்கை மாத்துனா கண்ணும் மாறிப் போயிராதா?" என்று கேட்டேன். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. கண் சரியாகிவிட்டதா என்று முழுசாகத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவார்கள்? அவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சே இல்லாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தோம். அவர் மடியில் உட்கார்ந்திருந்தவள் கையை நீட்டி, "அப்பா, அங்கன தோணி" என்றாள். அவர் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணியே பிழைக்கிற மனுஷனுக்குத் தெரியவில்லை. சும்மா சொல்கிறாள் என்று நினைத்தோம். அவர் அவளுடைய வலது கண்ணைக் கையால் பொத்தி, "இப்ப தெரியுதா?" என்றார். "தெரியுது, ரெண்டு பாய் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தொடுவானத்தில் வெள்ளையாக ஒரு பாய் எழும்பியது, பிறகு இன்னொன்று. மறுநாள் காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "காப்பு என்னைக்குக் கட்டணும்?" என்று கேட்டார்.

நவராத்திரிக்கு எல்லா ஊரிலும் கொலு வைப்பார்கள், சுண்டல் கொடுப்பார்கள். எங்கள் கடற்கரையில் அது தசரா. குலசையில் கொடி ஏறியதும் நேர்ச்சைக்காரர்கள் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். ராஜா, குறவன், போலீஸ்காரன், குரங்கு, காளி என்று அவரவர் நேர்ந்த வேஷம். ஊருக்கு ஒரு வேஷக்காரர் கூட்டம், தசரா செட்டு என்போம், அதற்கு ஒரு மேளம். வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்டு, பத்தாம் நாள் அம்மனுக்குச் செலுத்த வேண்டும். எவ்வளவு பெரிய ஆளானாலும் கை நீட்டித்தான் ஆக வேண்டும். காப்புக் கட்டியவர் என்ன வேஷம் போட்டாலும் ஊருக்கு அவர் அம்மன்தான். மீசை வைத்த ஆளாக இருந்தாலும் "தாயே" என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், கஷ்டத்தைச் சொல்லிக் கும்பிடுவார்கள். அவர் திருநீறு பூசி ஒரு வாக்குச் சொல்ல வேண்டும்.

இந்த வேஷம் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. பெரிய ரிஷி ஒருவரை மதிக்காமல் பேசிய ஒரு முனிவனுக்குச் சாபம் கிடைத்து எருமைத் தலை முளைத்தது, அவன்தான் மகிஷாசுரன் ஆனான் என்பார்கள். அவனை எதிர்க்க அம்மனுடைய படை பல உருவம் எடுத்ததாம், அதன் ஞாபகம்தான் வேஷம் என்பார்கள். எனக்கு அந்த எருமைத் தலைதான் பிடித்த இடம். மரியாதை கெட்டுப் பேசிய வாய்க்குத் தண்டனை தலையில் வந்திருக்கிறது, பொருத்தம்தானே. சூரசம்ஹாரத்தில் அவன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு வருவான். அவன் உருவம் மாற்றுவது ஜெயிப்பதற்கு. எங்கள் ஆட்கள் உருவம் மாற்றுவது தோற்பதற்கு. இதையெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். அந்தத் தசராவில் எனக்கு யோசனை ஒன்றும் ஓடவில்லை.

ஆபீஸில் அவருக்கு மேலே இருந்தவர் எங்கள் ஜில்லாவில் உள்ள நாசரேத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "எத்தனையோ பேரு பிச்சைக்காரன் மாதிரி வந்து லீவு கேட்டிருக்கான். பிச்சை எடுக்கணும்னு லீவு கேட்ட மொத ஆளு நீருதான்வே" என்று சிரித்துவிட்டு, லீவும் கொடுத்து, வேஷத்துக்கு ஆகும் என்று தன்னுடைய பழைய மழைக்கோட்டையும் கொடுத்துவிட்டார்.

பத்தாம் நாள் காலை, உடன்குடி. பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, செட்டுக்குப் பின்னால் வந்த பெண்களோடு நானும் நடந்தேன். அவருக்குப் பிச்சைக்கார வேஷம். கிழிந்த கோட்டு, முகத்தில் கரி, கையில் ஒரு ஈயத்தட்டு. தாலி கட்டிக்கொண்ட எனக்கே அவரை அடையாளம் பிடிக்க ஒரு நிமிஷம் ஆனது. முதல் வீட்டில் அவருக்குச் சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்ற குறவன் வேஷக்காரர்தான் அவருக்கும் சேர்த்து, "அம்மா தாயே, முத்தாரம்மன் காணிக்கை" என்று கத்தினார். நாலைந்து வீடு தாண்டியதும் அவருக்கே குரல் வந்துவிட்டது. நன்றாகத்தான் பிச்சை எடுத்தார், குறை சொல்ல முடியாது.

பெரியவர் தெரு வந்தது. அந்த வீட்டு முன்னால் இவர் கால் நின்றுவிட்டது. செட்டுத் தலைவர் பின்னாலிருந்து, "வீடு தவறக் கூடாதுல்லா, போங்க" என்றார். நான் எதிர்வீட்டுப் பூவரசு மரத்தடியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். ஏறிவிடுங்கள், ஏறிவிடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் இடது கண்தான் எனக்கு முன்னால் நின்றது.

அவர் வாசற்படி ஏறினார். தட்டை நீட்டினார்.

பெரியவர் சம்சாரம் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தார். பின்னாலேயே வந்த பெரியவர் அந்தச் செம்பை வாங்கிக்கொண்டார். தண்ணீர் ஊற்றுவது பெண்கள் வேலை, ஆம்பிளைகள் ஊற்றி நான் பார்த்ததில்லை. அவர் குனிந்து, ஒரு காலுக்கு ஊற்றி, அடுத்த காலுக்கும் ஊற்றி, விரலிடுக்கில் இருந்த புழுதியைக் கையாலேயே தேய்த்துக் கழுவினார். பிறகு நிமிராமல் பேசினார். வாக்குக் கேட்கிறார் என்று மேளக்காரர் அடியை நிறுத்தியதால் தெருவுக்கே கேட்டது.

"தாயே, எந்தம்பி பிள்ளைக்கு முத்துப் போட்டுச்சாம். கண்ணுல விழுந்துட்டுன்னு லாரிக்காரன் வந்து சொன்னான். போயி எட்டிப் பாக்க எனக்கு மூஞ்சி இல்ல தாயே. பிள்ளைக்குக் கண்ணு தெரியுதா?"

என் கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"தெரியுது" என்றார் இவர்.

திருநீற்றை எடுத்தார். தம்பி அண்ணனுக்குப் பூசுகிற வழக்கம் எங்கே இருக்கிறது? ஆனாலும் பெரியவர் தலையைக் குனிந்து காட்டினார். பூசிக்கொண்டு, உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து தட்டில் கொட்டினார். தட்டு ஆடியதில் பாதி அரிசி படியில் சிதறியது. மேளம் மறுபடி தொடங்கியது. இவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

குலசையில் காணிக்கையைச் செலுத்தி, சூரசம்ஹாரம் பார்த்து, மறுநாள் காப்பை அவிழ்த்துவிட்டுக் கடலில் குளித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னீயளே?" என்றேன்.

"நான் எங்க மிதிச்சேன்? அம்மன்லா மிதிச்சா" என்றார். காதோரத்தில் கரி இன்னும் போகாமல் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள், அவர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். பிள்ளை வாசலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். ரோட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். பெரியவர். ஒரு கையில் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி, இன்னொரு கையில் திருவிழாக் கடையில் விற்கிற காகிதக் காற்றாடிகள். என்னைப் பார்த்ததும், "அம்மனே வந்து சொல்லிட்டுப் போனா. நம்பாமப் பாக்க வந்தேன்னு நெனைக்காத, தாயி" என்றார். உள்ளே வரவில்லை.

ஒரு காற்றாடியைத் தூக்கிக் காட்டி, "ஏளா, இது என்ன நெறம்?" என்று பிள்ளையிடம் கேட்டார்.

"செவப்பு."

பின்னால் நடந்து ரோட்டின் நடுவில் நின்று, "இது?"

"பச்ச."

ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவரோடு முதுகு ஒட்ட நின்றுகொண்டு இன்னொன்றைத் தூக்கிப் பிடித்தார். வாய் திறந்து கேட்கவில்லை. பிள்ளை இரண்டு கண்ணையும் சுருக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"மஞ்ச" என்றவள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவிய அழுவுதாவ."

எனக்கு அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. எனக்குப் பின்னால் கஞ்சி போட்ட சட்டையோடு நின்ற அவர் என்னைத் தாண்டி இறங்கினார், செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைக் கடந்து போனார். பெரியவர் கையிலிருந்த ஓலைப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அதான் அன்னைக்கே சொன்னேன்லா, தெரியுதுன்னு" என்றார். "உள்ள வாங்கண்ணே."