கசெட்டில் ஏழு நிமிட மௌனம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பாரிஸில் பஸ் ஏறினேன். 2003 ஒக்டோபர். லண்டனுக்கு முப்பத்தெட்டு யூரோ, எட்டரை மணி நேரம். பையை மேலே போட்டுவிட்டு, ஒரு கசெட்டை மட்டும் மடியிலேயே வைத்திருந்தேன்.

அமெரிக்கப் பாடகி ஒருத்தியின் முதல் பதிவு அது. சைக்கிள் சில்லைச் சுழற்றி, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலைச் சுருதியாக வைத்துச் சமையலறையில் பாடி, அதை ஐம்பது கசெட்டில் பிரதி போட்டாள். பிறகு பெரிய கம்பனியொன்றுக்கு இரண்டு இசைத்தட்டு. விற்கவில்லை என்று கழற்றிவிட்டார்கள். அதன்பின் தன்பாட்டில் மூன்று. நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து முதல் பதிவின் மூலப்பிரதி அழிந்துபோக, யாரிடமாவது அந்தக் கசெட் இருக்கிறதா என்று இணையத்தில் கேட்டிருந்தாள். நான் ஒருவன்தான் பதில் போட்டேனாம். லண்டனில் பாட வரும்போது கொண்டுவரச் சொன்னாள்.

அன்றிரவு லண்டன் மனோர் பார்க்கில் பெரியம்மாவின் மகன் ரவியண்ணை வீட்டில் தங்கினேன். மீன்குழம்பும் சோறும் தின்ற மயக்கத்தில் கசெட்டை ரெக்கோடருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். புத்தி கெட்டவன்.

சனி, காலை பத்து மணி. எழும்பி வந்தால் அண்ணை ரெக்கோடருக்கு முன்னால் இருந்து, "அம்மா, முழங்கால் நோ எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்திலுள்ள பெரியம்மாவுக்குப் போனில் சரியாகக் கேட்காது. அண்ணை மாதம் ஒரு கசெட் பேசி அனுப்புவார், பெரியம்மாவும் பதிலுக்கு ஒன்று பேசி அனுப்புவார். உள்ளே சுழன்றது என்னுடையது. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே பிடுங்கி எடுத்தேன்.

"வெறும் கசெட் எண்டு நினைச்சனடா. போட்டுக் கேட்டனான், ஒரு சத்தமும் இல்லை."

எப்படி இருக்கும்? அந்தப் பதிவு தொடங்குவதே ஏழு நிமிட மௌனத்தோடுதான். எவ்வளவு நேரம் கதைத்தார் என்று அவருக்கே தெரியாது. போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாட்டு அழிந்தது தெரிந்தால் அவளிடம் போகாமலே பாரிஸுக்கு ஓடிவிடுவேன்.

மாலை ஐந்துக்கு 25ஆம் இலக்க பஸ், எழுபது பென்ஸ். பேசிப் பதிந்தது தான் என்பதால், அதைத் தானே சொல்ல வேண்டும் என்று அண்ணையும் வந்தார். மைல் எண்டில் ஒரு தேவாலய மண்டபம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அந்தப் பாடகி, அண்ணை நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டுக் கசெட்டைப் போட்டாள். முழங்கால் நோ, மழை, மிளகாய்த்தூள் என்று கசெட்டில் அண்ணையின் குரல் போய்க்கொண்டேயிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு என் ஏச்சு, தூசண வார்த்தைகள் உட்பட. இது யார் என்று கேட்டாள். தம்பி, அவனும் அம்மாவைச் சுகம் விசாரிக்கிறான் என்று அண்ணை ஆங்கிலத்தில் கூசாமல் சொன்னார்.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சைக்கிள் சில்லு சுழன்றது.

அவள் கண்ணை மூடினாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பாடா! மௌனம் போய்விட்டதே என்று மன்னிப்புக் கேட்டேன். அதை நாளைக்கே பதியலாம், தன் அந்த வயதுக் குரலைத்தான் இனிப் பதிய முடியாது என்று சிரித்தாள். அண்ணையின் பேச்சை அங்கேயே புதுக் கசெட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு, விக்டோரியா பஸ் நிலையம். ஊருக்குப் போகும் ஒருவரிடம் கசெட்டைக் கொடுத்தாயிற்று என்றார் அண்ணை. என் ஏச்சை வெட்டினீர்களா என்று கேட்டேன்.

"ஏன் வெட்டுவான்? நீ அம்மாவோடை கதைச்சு மூண்டு வருசம். உன்ரை குரலைக் கேட்கவேணும் எண்டு ஒவ்வொரு கசெட்டிலையும் அழுறா. கேட்கட்டும்."