கடக்கும் இடத்துக்கு ஒரு கூரை

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷாபெல்லில் மதிய வெயில். ஃபொபூர் சேன்-தெனி தெருவைக் கடக்க சிக்னலருகே நிற்கிறேன். மனம் முழுக்க ராஜஸ்தான் பாலைவனத்துக் கிராமம் ஒன்று. அதன் நெடுஞ்சாலைக்கான பாதுகாப்புத் திட்டத்தை இன்று மாலை அனுப்ப வேண்டும். வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் முடிந்தது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. லாரிக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரியும் நேரான இடத்தில் சாலையைக் கடக்கக் கோடு போட்டிருக்கிறேன். ஊர்ப் பெண்களோ வளைவிலுள்ள வன்னி மர நிழலில் பேருந்துக்கு நின்று, அங்கிருந்தே குறுக்கே ஓடுகிறார்கள். அங்கே கம்பித் தடுப்பு போடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

“பிள்ளை, ஏன் வெய்யிலுக்கை நிக்கிறியள்? இஞ்சாலை வாங்கோ,” என்கிறார் காய்கறிக் கடைக்காரர்.

“பச்சை விழட்டும் அண்ணா.”

“அது இஞ்சை நிண்டாலும் தெரியும்.”

அவர் கடையின் துணிக்கூரைக்குக் கீழே ஏற்கெனவே ஐந்தாறு பேர்.

“இவையள் ஒருத்தரும் மரக்கறி வாங்க வந்தவையில்லை,” என்று சிரிக்கிறார்.

பச்சை விழுகிறது. எல்லோரும் கோட்டின் மேலேயே ஒழுங்காகக் கடந்து போகிறார்கள். நான் கூரைக்கடியில் நின்று, போனில் கம்பித் தடுப்பை அழிக்கிறேன். திட்டத்திலுள்ள கடக்கும் கோட்டை ஒட்டி, அந்த ஊர்க் கல்லாலேயே அகலமான ஒரு கூரை வரைகிறேன். பேருந்து நிறுத்தத்தையும் அதனடிக்கு மாற்றுகிறேன்.

“நீங்கள் போகேல்லையோ?”

“அடுத்த பச்சைக்குப் போறேன் அண்ணா.”

“அப்ப முருங்கைக்காயாவது வாங்குங்கோ.”

திட்டத்தை அனுப்பிவிட்டு, நல்லதாக நான்கு காய் பொறுக்குகிறேன்.